முழங்கைக்கு 11 நாள், உள்ளங்காலுக்கு 15 கிழமை

அவர் வந்தது கைக்காயத்துக்கு. மார்ச் கடைசிக் கிழமை, பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் தாளோடு கிடந்த நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிரவல் றோட்டில் சைக்கிள் சறுக்கி விழுந்து, வலது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் உரசுப்பட்டிருந்தது. கதிரையில் இருத்திக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு மணம் வந்தது. கைக்காயம் புதியது, அதில் மணக்க எதுவுமில்லை. குனிந்து பார்த்தேன். வலது பாதத்தில் பழைய சாரத்துண்டு சுற்றி, அதன் மேல் செருப்பு மாட்டியிருந்தார்.

“கால்ல என்ன ஐயா?”

“அது ஒண்டுமில்ல மிஸ்ஸி. மாரி தொடங்கக்குள்ள வந்த புண். நோவில்ல.”

துணியை அவிழ்த்துப் பார்த்த பிறகு அவரை உடனே வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

நான் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையில் வேலை செய்யும் தாதி. இந்த ஒருவரைப் பற்றி எழுதக் காரணம் இதுதான்: ஒரே உடம்பு, ஒரே சீனி வருத்தம், ஒரே வீட்டுச் சாப்பாடு, அநேகமாக மருந்து கட்டியதும் ஒரே கை. கைக்காயம் 11 நாளில் மூடிவிட்டது. காற்புண் 4 மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்து, நாங்கள் பார்க்கத் தொடங்கிய பிறகும் 15 கிழமை எடுத்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று விளங்க, தோல் எப்படி ஊர்ந்து போய்க் காயத்தை மூடுகிறது என்பதை நான் திரும்பவும் படிக்க வேண்டி வந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கால் இருந்த நிலை

வயது 58. வேளாண்மைக்காரர். 11 வருடமாகச் சலரோகம். மெட்ஃபோமின் குளிசை மட்டும், அதுவும் அறுவடைக் காலத்தில் கிளினிக்குக்கு வராததால் இடைவெளி விட்டு. அன்று காலை வெறுவயிற்றில் இரத்தத்தில் குளுக்கோஸ் 214 mg/dL, மிகவும் கூட.

பெருவிரலின் அடியில், நடக்கும்போது உடம்பின் பாரம் வந்து இறங்கும் அந்த முண்டில் புண். நீளம் 18 மில்லிமீட்டர், அகலம் 14, ஆழம் 4. சுற்றிவரத் தடித்த வெள்ளைக் காய்ப்பு. புண்ணின் ஓரம் உள்ளுக்குள் சுருண்டு, வேட்டிக் கரையை மடித்துத் தைத்தது போல இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பாதத்தில் 10 இடங்களைத் தொட்டேன். இரண்டு இடத்தில்தான் “ஓம்” என்றார். ஆனால் பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்பக்கமும் நாடி நன்றாகத் துடித்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்குச் சேதமில்லை. இந்த இரண்டும்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. இரத்தம் வராத காலில் என்ன மருந்து கட்டினாலும் தோல் நகராது.

எது குத்தியது என்று அவருக்குத் தெரியாது. வயலில் நத்தை ஓடாக இருக்கலாம், முள்ளாக இருக்கலாம். இரவு பாயில் இரத்தம் கண்டுதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிறகு வீட்டு வைத்தியம். நுரைக்கிற மருந்து என்று எல்லோரும் சொல்லும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டை ஒவ்வொரு நாளும் ஊற்றி, முற்றத்தில் காலை நீட்டி வெயிலில் காய வைப்பது. புண்ணைக் கிளப்பும் கிரந்திச் சாப்பாடு என்று மீன், இறால், முட்டை எல்லாம் விலக்கு. சீழ் பிடிக்கும் என்று தயிரும் இல்லை. தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இருந்துகொண்டு 4 மாதம் தயிர் தொடாத மனிதர். ஆனால் நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. “நோவில்லாத காலுக்கு என்னத்துக்கு மிஸ்ஸி ஓய்வு?” என்று கேட்டார்.

கையில் நடந்தது

கைக்காயத்தை ஸேலைன் என்ற உப்புநீர் விட்டுக் கழுவி, கிரவல் மண்ணைப் பொறுக்கி எடுத்து, புண்ணில் ஒட்டாத பரஃபின் தடவிய கோஸ் துணி வைத்து மூடிக் கட்டினேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். ஐந்தாம் நாள் அவிழ்த்தபோது சிவந்த சதைக்கு நடுவே அங்கங்கே குண்டூசித் தலையளவில் வெளிர் புள்ளிகள். ஓரத்திலிருந்து வந்தவை அல்ல, நடுவிலேயே முளைத்தவை. அறுத்த வயலில் ஒரு மழை விழுந்தால் தாளடி எல்லாம் துளிர்க்குமே, அப்படி. எட்டாம் நாள் புள்ளிகள் தீவுகளாகி ஒன்றையொன்று தொட்டன. 11ஆம் நாள் முழுக்க மெல்லிய இளஞ்சிவப்புத் தோல்.

இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? தோலின் மேற்படையை உண்டாக்கும் கலங்களுக்குக் கெரட்டினோசைட் என்று பெயர். அவை மேற்பரப்பில் மட்டும் இல்லை. ஒவ்வொரு மயிர்க்காலின் குழிக்குள்ளும், வியர்வைக் குழாயின் வழியிலும் கீழே இறங்கிப் போயிருக்கின்றன. உரசுப்பட்ட காயத்தில் மேற்படை போனாலும் குழியின் அடிப்பகுதி தப்பிவிடும். அதனால் அப்படித் தப்பிய ஒவ்வொரு குழியும் ஒரு சின்ன விதை. காயத்தின் ஓரத்திலிருந்து ஒரு அணி, நடுவிலிருந்து நூற்றுக்கணக்கான அணிகள் என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஊர்கின்றன.

ஊர்கின்றன என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. சும்மா இருக்கும்போது இந்தக் கலங்கள் இரண்டு விதமாகக் கட்டுப்பட்டிருக்கும். பக்கத்துக் கலத்தோடு டெஸ்மோசோம் என்ற பொத்தான்கள். கீழே அடித்தளத்தோடு அரை டெஸ்மோசோம் என்ற கொளுக்கிகள். தோல் கிழிந்து ஒரு நாள் அளவில் ஓரத்துக் கலங்கள் கீழ்க் கொளுக்கிகளைக் கழற்றி, பக்கத்துப் பொத்தான்களை இளக்கிக்கொள்கின்றன. முற்றாக விட்டுவிடுவதில்லை, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு ஒரு விரிப்பாகத்தான் போகின்றன. முன்வரிசைக் கலம் தட்டையாகி, வாவிச் சேற்றில் நத்தை தன் பாதத்தை விரிப்பது போல ஒரு மெல்லிய தட்டை முன்னால் நீட்டும். உள்ளே அக்டின் என்ற புரத இழைகள் நீண்டு அந்தத் தட்டைத் தள்ளும். தட்டின் அடியில் இன்டெக்ரின் என்ற பிடிகள் காயத்தின் தரையைப் பற்றும். பற்றியதும் பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி நீட்டல்.

தரையில் கொலாஜன் நார் தட்டுப்பட்டால் பிடி இறுகிவிடும். அப்போது அந்தக் கலமே கொலாஜனை வெட்டும் நொதியத்தைச் சுரந்து, தன் பிடியைத் தானே தளர்த்தி முன்னேறுகிறது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் மருந்து கட்டியும், என் கோஸின் அடியில் இப்படி ஒரு வேலை நடப்பதை நான் மனதில் கண்டதே இல்லை.

இன்னொரு விஷயம். முன்வரிசை நடக்கும், பெருகுவது பெரும்பாலும் பின்வரிசை. காயம் பட்டு ஓரிரு நாளில் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ள கலங்கள் பிரிந்து பெருகி ஆள் அனுப்பத் தொடங்கும். நடையும் பெருக்கமும் ஒன்றாகப் போனால்தான் விரிப்பு கிழியாமல் நீளும்.

“காயோணும்” என்ற பேச்சு

எங்கள் பக்கம் புண் ஆறிவிட்டது என்பதற்கு “புண் காஞ்சிட்டு” என்றுதான் சொல்வோம். அதனால் காய வைத்தால் ஆறும் என்று நினைப்பதில் பிழை சொல்ல முடியாது. மொழியே அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் ஊரும் கலத்துக்கு ஈரம் வேண்டும். மேலே காய்ந்து பொருக்குக் கட்டினால், கலங்கள் பொருக்கின் மேல் ஏற முடியாது. ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கி, பொருக்குக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே நொதியத்தால் அறுத்துக்கொண்டு சுரங்கம் போல் போக வேண்டும். 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் பன்றிகளின் முதுகில் மேலோட்டமான காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைப் பொலித்தீன் தாளால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடியவற்றில் மேற்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. இன்று நாங்கள் வைக்கும் ஈரக்கட்டுகள் எல்லாம் அந்தப் பொலித்தீன் துண்டிலிருந்து வந்தவைதான்.

ஈரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. முழுத் தோலின் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையில் பத்துக்கணக்கான மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. தோல் கிழிந்த இடத்தில் அது கசியும். அந்தக் கசிவால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு மின்புலம் உண்டாகும். 1843இலேயே எமில் டு புவா-ரேமோன் தன் விரலில் காயம் உண்டாக்கி அந்த மின்னோட்டத்தை அளந்திருக்கிறார். 2006இல் மின் ஷாவோவும் கூட்டாளிகளும், புலத்தின் திசையை மாற்றினால் ஊரும் கலங்களும் திசை மாறுவதை நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். காய்ந்துபோன காயத்தில் இந்த மின்னோட்டம் ஓட வழியில்லை.

நுரைக்கிற மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. நுரை எழும்பினால் கிருமி சாகிறது என்று நினைக்கிறோம். நுரை வருவது எங்கள் இரத்தத்திலும் கலங்களிலும் இருக்கும் கற்றலேஸ் என்ற நொதியம் அந்த மருந்தை உடைப்பதால். கிருமிக்கு எவ்வளவு கெடுதலோ, ஓரத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் கலத்துக்கும் அதே கெடுதல். இவர் 4 மாதம் ஒவ்வொரு நாளும் ஊற்றியிருக்கிறார்.

ஓரம்

காற்புண்ணில் நடுவில் விதை எதுவும் இல்லை. உள்ளங்காலில் மயிர்க்கால் கிடையாது; வியர்வைச் சுரப்பி நிறைய உண்டு, ஆனால் இவ்வளவு ஆழமான புண்ணில் அவையும் அழிந்துவிடும். ஆகவே ஓரம் ஒன்றுதான் கதி. அந்த ஓரமோ வேலை செய்யவில்லை.

ஆறாத சலரோகப் புண்களின் ஓரத்தை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் சொல்வது ஒரு விசித்திரமான நிலை: கலங்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, நகர்வதில்லை. பின்வரிசை ஆள் அனுப்புகிறது, முன்வரிசை நிற்கிறது. அனுப்பப்பட்டவை இருந்த இடத்திலேயே அடுக்கடுக்காய்க் குவிந்து தடிக்கின்றன. அவர் காலில் நான் கண்ட வெள்ளைக் காய்ப்பில் நடையின் அழுத்தமும் இருந்தது, இந்தத் தேக்கமும் இருந்தது.

டொக்டர் காய்ப்பை முழுக்கச் சீவி, சுருண்ட ஓரத்தை இரத்தம் கசியும் வரை எடுத்தார். பழைய, மரத்துப்போன வரிசையை அகற்றினால் பின்னால் இன்னும் நகரக்கூடிய கலங்கள் முன்னுக்கு வரும் என்பதுதான் நோக்கம். முடிந்தபோது புண் 20க்கு 16 மில்லிமீட்டர். அவருடைய மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு அழுதே விட்டார். “சின்னனாக் கிடந்த புண்ணப் பெருசாக்கிப் போட்டீங்களே மகள்.”

அந்த அம்மாவுக்கு விளங்கும்படி என்ன சொல்வது என்று யோசித்தேன். கலம், நொதியம் எல்லாம் அந்த நேரத்துக்குப் பொருந்தாது. “அம்மா, இது விதைச்ச வேளாண்மை மாதிரி வட்டை முழுக்க ஒரே நாளில முளைக்காது. அறுகம்புல்லு வரம்பில இருந்து வயலுக்குள்ள ஊருமே, அப்படித்தான் தோல் வரும். வரம்பில கல்லு அடுக்கிக் கிடந்தா அறுகு எப்படி இறங்கும்? அந்தக் கல்லத்தான் டொக்டர் எடுத்தவர்.” கேட்டுக்கொண்டிருந்த அவர், கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: “அறுகு இறங்கிற இடத்தில மாடு மிதிச்சாலும் வராது.” நான் அடுத்துச் சொல்ல இருந்ததை அவரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு அடியும் அந்த முண்டில் விழும்போது ஒரு கலம் தடிப்பே உள்ள விரிப்பு நசுங்கிக் கிழிகிறது.

பாரத்தை எடுப்பது என்பது எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 1930களில் மில்ரோய் போல் (Milroy Paul) என்ற இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயால் உணர்வற்றுப்போன பாதங்களின் புண்ணுக்குப் பிளாஸ்டர் கட்டுப் போட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கவும் காலுக்கும் பகிர்ந்து ஆற்றினார். தமிழ்நாட்டின் வேலூரில் தொழுநோயாளரோடு வேலை செய்த போல் பிராண்ட் (Paul Brand) என்ற டொக்டர் அந்த முறையை 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். இன்று சலரோகத்தால் வரும் உள்ளங்காற் புண்ணுக்கு உலக வழிகாட்டல்கள் சொல்லும் முதல் தெரிவுகளில் அதுவும் ஒன்று. மட்டக்களப்பு வாவியின் நடுவில் மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நோவில்லாத கால் எப்படி அழியும் என்பது இந்த வாவிக்கரைக்குத் தெரிந்த கதைதான். தொழுநோயும் சலரோகமும் வேறு வேறு, ஆனால் நரம்பு போன பாதம் ஒன்றே.

எங்களிடம் அந்தக் கட்டைச் சரியாகப் போடத் தெரிந்தவர் இல்லை. பிழையாகப் போட்டால் புதிய புண் வரும். அதனால் தடித்த ஃபெல்ட் துணியைக் குதிரை லாட வடிவில் வெட்டி, புண் வெறுவெளியில் நிற்கும்படி ஒட்டினோம். ஊன்றுகோல் ஒன்று. சிறுபோகத்தை இளைய மகன் பார்ப்பதாக ஏற்பாடு. கிளினிக்கில் இன்சுலின் தொடங்கினார்கள். முட்டையும் வாவி மீனும் தயிரும் திரும்பச் சாப்பாட்டுக்கு வந்தன. பெருகும் கலத்துக்கும் புதிய சதைக்கும் புரதம் வேண்டும், சோற்றில் அது போதாது.

ஒவ்வொரு கிழமையும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வைத்துப் புண்ணின் ஓரத்தைப் பேனையால் வரைந்தேன். இரண்டாம் கிழமை 16க்கு 13. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தின் உட்பக்கம் முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்கும் ஒரு மெல்லிய கரை, ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அதற்கு அப்பால் சிவந்த சதை. அந்தக் கரைதான் தோல்.

மூன்றாம் கிழமை சித்திரைப் புத்தாண்டு. எங்கள் அறை பூட்டியிருந்ததால் வேறோர் இடத்தில் ஒரு தடவை கட்டு மாற்றியிருக்கிறார். உலர்ந்த கோஸ் வைத்துக் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்தபோது அது புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. 20 நிமிடம் ஸேலைனில் ஊறவிட்டேன். அப்படியும் கோஸை எடுத்துத் திருப்பினால், அடியில் புண்ணின் வடிவிலேயே ஒரு கண்ணாடி போன்ற வளையம் சில இடங்களில் ஒட்டி வந்திருந்தது. டோர்ச்சில் பார்த்த அதே கரை. ஒட்டிய கட்டை இழுத்து எடுப்பதைப் புண்ணைச் சுத்தம் செய்வதாக நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அன்றைய அளவு 17க்கு 13.

நான்காம் கிழமை 14க்கு 11. நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பார்த்தால், டொக்டர் சீவி முடித்தபோது இருந்த அளவின் பாதிக்குச் சற்றுக் கீழே. பாதப் புண் நான்கு கிழமையில் பாதியாகக் குறைந்தால் அது மூடும் வாய்ப்பு அதிகம் என்பதை வைத்துத்தான் சிகிச்சையை மாற்றுவதா தொடர்வதா என்று முடிவெடுப்பார்கள். தொடர்ந்தோம். எட்டாம் கிழமை 6க்கு 5. கணக்குப் பார்த்தேன்: 56 நாளில் இரண்டு ஓரமும் சேர்ந்து 14 மில்லிமீட்டர், ஒரு ஓரத்துக்கு 7. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கு. புண் சுருங்கியதும் அதில் சேரும்.

சடங்கு

வைகாசி பிறந்து ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கியது. எட்டாம் கிழமைக்குப் பிறகு அவர் ஒரு தவணை வரவில்லை. ஒன்பதாம் கிழமை வந்தபோது ஃபெல்ட் இல்லை. கோயில் மண்ணில் செருப்போடு நிற்க முடியாது என்று மூன்று நாள் வெறுங்காலோடு நின்றிருக்கிறார், சடங்கின் கடைசி நிகழ்வான குளுத்தி முடியும் வரைக்கும். ஓரத்துக்குக் கீழே கருஞ்சிவப்பாய் இரத்தம் கட்டியிருந்தது. சீவியபின் 11க்கு 8.

அவர் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. வருடத்தில் ஒருமுறை வரும் சடங்குக்குப் போகாமல் இருப்பார் என்று நினைத்திருந்தால் அது என் அறியாமை. சடங்கு எந்த மாதம் வரும் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? முன்கூட்டியே கேட்டிருந்தால் வழி இருந்தது: ஃபெல்ட்டைப் பாதத்தோடு ஒட்டி, மேலே துணிக்கட்டு மட்டும் போட்டுவிட்டால் செருப்பில்லாமலே பாரம் விலகியிருக்கும், இருக்க ஒரு கதிரையும் கேட்டிருக்கலாம். இப்போது கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே, ஆளின் ஊர்க் கோயில் திருவிழா அல்லது சடங்கு எப்போது, பள்ளிவாசலுக்குப் போகிறவரா, விதைப்பு எந்த மாதம் என்று எழுதிவைக்கிறேன். குளுக்கோஸ் எண்ணைப் போலவே அதுவும் சிகிச்சைக்கு வேண்டிய விபரம்.

அதன் பிறகு அவர் ஒரு தவணையும் தவறவில்லை. 11ஆம் கிழமை 7க்கு 5, 13ஆம் கிழமை 3க்கு 2. 15ஆம் கிழமை, ஜூலை தொடக்கத்தில், இரண்டு பக்கத்துக் கரைகளும் தொட்டிருந்தன. தொட்டதும் கலங்கள் ஊர்வதை நிறுத்தி, பழைய பொத்தான்களையும் கொளுக்கிகளையும் மறுபடி கட்டிக்கொண்டு, மேல்நோக்கி அடுக்காக வளரத் தொடங்கும். வெங்காயத் தோல் போல ஒரு மூடல், பஞ்சால் ஒற்றினால் ஈரமில்லை. இன்னும் இரண்டு கிழமை அதே ஃபெல்ட்டோடு விட்டு, திரும்பத் திறக்கவில்லை என்று கண்டபின்தான் கொப்பியில் ஆறியது என்று எழுதினோம்.

“முடிஞ்சிதா மிஸ்ஸி?”

முடியவில்லை. மேலே மூடினாலும் கீழே உள்ள சதை தன் நார்களைத் திருத்தியமைக்க ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். வெட்டுக்காயங்களில் அளந்தவர்கள், மூன்று கிழமையில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒன்று அளவும், மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு அளவும் வருகிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை என்கிறார்கள். அந்த முண்டு இனிமேல் எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான். அடியில் மெத்தென்ற றப்பர் வைத்த செருப்பு ஒன்று செய்வித்தோம். இரவில் கண்ணாடி பிடித்து இரண்டு உள்ளங்காலையும் மனைவி பார்ப்பார்.

ஒக்டோபர் கடைசியில் வந்தார். பெரும்போக விதைப்பு நேரம். இரண்டு மகன்மாரும் வயலுக்குள், அவர் செருப்போடு வரம்பில் நின்று விதை எறியச் சொல்லிக் கொடுக்கிறாராம். “இறங்க மாட்டன் மிஸ்ஸி, பயப்படாதீங்க” என்றார். காலைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். தோல் முழுதாக இருந்தது. பெருவிரலின் அடியில் காய்ப்பு கொஞ்சம் திரும்பக் கட்டியிருந்தது, டொக்டர் சீவிவிட்டார். அடுத்த தவணை டிசம்பர் முதல் கிழமை. வாவி பெருகினால், ஆட்களை ஏற்றிக் கடக்கும் பாதைப்படகு ஓடாது, அதனால் பாலத்தால் சுற்றி வரச் சொல்லி மகனிடமும் சொல்லியனுப்பினேன்.